தொட்டுக்க என்ன

சன்னலோரத்துல நீயே உக்காரு தாயி, எனக்கு எங்க உக்காந்தா என்ன. இந்தப் பைய மட்டும் நம்ம ரெண்டு பேரு காலுக்கும் நடுவுல வச்சுக்கிறேன். மேல வைக்கச் சொல்லி கண்டக்டரு ரெண்டு தடவ சொல்லிட்டாரு. மேல வச்சா குழம்பு சாஞ்சு உங்க தலையிலதேன் ஊத்தும்னேன், சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. நீயும் கோயமுத்தூருதானா? நல்லதாப் போச்சு. நானும் சிங்காநல்லூருலதேன் எறங்கணும்.

கையில என்ன, சிப்ஸா? காலங்காத்தால எண்ணெயில பொரிச்சதத் தின்னா மனசு கெட்டுப் போகும்மா. சிரிக்காத. வயிறு கெட்டுப் போகும்னு சொல்ல வந்து வாய் தவறிச் சொல்றேன்னு நெனச்சயாக்கும்? இல்ல, மனசுதேன். கீர, காய், பழம், மீனு, கடலப் பருப்புன்னு ஒழுங்காச் சாப்புடுறவுகளுக்கு மனசுல நோவு வாரது கொறச்சலாம். இந்த மாதிரிப் பொட்டலத்தப் பிரிச்சுப் பிரிச்சுத் திங்கிறவுகளுக்கு ஜாஸ்தியாம். பெரிய படிப்புப் படிச்ச டாக்டரம்மா எங்கிட்ட நேருக்கு நேரா சொன்னது. நீ தின்னு, தின்னு. வாங்கியாச்சு, கீழயா போட முடியும்?

எம்பேரு குருவம்மா. சாத்தூருக்கு மேக்க எங்க ஊரு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன், இருபத்தஞ்சு வருசமாச்சு. நூத்திப்பத்துப் பிள்ளைக. தட்ட நீட்டும்போதே காலையில அந்தப் பிள்ள வயித்துல ஏதாச்சும் போயிருக்கா இல்லையான்னு மொகத்தப் பாத்தே சொல்லிப்புடுவேன். எமல்டா டீச்சரு, அவுகதேன் எங்க எச்செம்மு, "குருவம்மா, ஒனக்கு எதுக்குக் கரண்டி, நீ ஸ்கேன் சென்டருல இருக்க வேண்டிய ஆளு"ம்பாக. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வார பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டுப் பாரு, சாயந்தரம் பாட்டுப் பாடிக்கிட்டு வீட்டுக்குப் போகும். நான் கண்ணால கண்டது. அதனால டாக்டரம்மா சொன்னப்போ எனக்கு ஒன்னும் அதிசயமா இல்ல. எனக்குத் தெரிஞ்சததேன் அவுக பொஸ்தகத்துல படிச்சுட்டு வந்து சொல்றாகன்னு நெனச்சுக்கிட்டேன்.

எதுக்கு டாக்டரப் பாத்தேன்னு கேக்க மாட்டேங்கிறயே. எனக்கு இல்ல தாயி, எம்மகனுக்கு. சோலராசுன்னு பேரு. முப்பத்திமூணு வயசு. கோயமுத்தூருல பம்பு செட்டுக் கம்பெனியில, செஞ்ச பம்பு சரியா ஓடுதா இல்லையான்னு பாத்துச் சொல்ற வேல. அவுகப்பா போயிச் சேந்தப்போ அவனுக்குப் பதினாலு வயசு. அதுக்கப்புறம் நானும் அவனுந்தேன். குடிக்க மாட்டான், ஒரு பீடி சிகரெட் கெடையாது. எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. எதச் சொன்னாலும் "சரிம்மா." ஊருல பூராவும் கேக்காக, காதல் தோல்வியான்னு. அப்படி ஒன்னு இருந்தாத் தேவலையே! அந்தப் பொண்ணு கால்ல விழுந்தாவது கூட்டியாந்திருப்பேனே. ஒரு காரணமும் இல்ல. காரணமே இல்லாம ஒரு மனுசன் எப்படிம்மா சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பான்?

இரு, ஒரு போன் போட்டுக்கிறேன்... ம்ஹூம். அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறான். இன்னையோட மூணு நாளு. அவன் குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவுக்குப் போனப் போட்டேன், பாவம் அவுக மாடியேறிப் போயிக் கதவத் தட்டுனாக. தெறந்தானாம். "ஒன்னுமில்லக்கா, தூங்கிட்டேன்"னு சொல்லிட்டு மறுபடி சாத்திக்கிட்டானாம். மூணு நாளாவா தூங்குவாக? அதேன் கெளம்பிட்டேன். நாலு மணிக்கே எந்திருச்சு சமச்சேன். முருங்கக்கீரப் பொரியலு, அயிர மீனுக் குழம்பு, கம்பஞ்சோறு. அயிர மீனு இப்பவெல்லாம் யானை வெல, ஆனா அந்த டாக்டரம்மா மீனுன்னு சொல்லும்போது கொஞ்சம் அழுத்திச் சொன்னாக.

எங்க விட்டேன்? ஆங். போன வருசம் ஆடி மாசம். நான் தெனமும் அண்டாவக் கழுவிக் கவுத்துட்டு ரெண்டு மணிக்கு அவனுக்குப் போன் போடுவேன். அவனுக்கும் அப்பத்தேன் சாப்பாட்டு நேரம். "சாப்டியா"ம்பேன். "சாப்டேம்மா"ம்பான். "என்ன சாப்ட?" சொல்லுவான். "தொட்டுக்க என்ன?" அதையும் சொல்லுவான். வெறுஞ்சோத்தத் தின்னுட்டு ஏமாத்தக் கூடாது பாரு, அதுக்குத்தேன் அந்த மூணாவது கேள்வி. அம்புட்டுதேன், வச்சிருவேன். வீடியோவுல வாடான்னா மட்டும் வரமாட்டான். "கம்பெனியில கேமரா கூடாதும்மா"ம்பான். மொகத்தக் காட்டியிருந்தான்னா நான் பிடிச்சிருப்பேன். நூத்திப்பத்துப் பிள்ள மொகத்தப் படிக்கிறவ பெத்த பிள்ள மொகத்தப் படிக்க மாட்டேனா?

அந்த ஆடியில ஒரு நா திருமூர்த்தின்னு ஒரு தம்பி போன் பண்ணுனாப்ல. இவன்கூட ஒரே ரூமுல இருந்த தம்பி, உடுமலப்பேட்டப் பக்கம். "அம்மா, சோலை ஒன்பது நாளா வேலைக்குப் போறதில்லீங்க. படுத்தே கெடக்கறானுங்க. டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தா அதையும் பாதி வச்சிடறானுங்க"ன்னாப்ல. நான் அந்தத் தம்பிய வஞ்சிட்டேன், தெரியுமா? "யாருகிட்ட கத விடுற? நேத்து மத்தியானம் எம்மகன் கொண்டக்கடல புலாவு சாப்ட்டிருக்கான், தொட்டுக்க முட்ட மசாலா"ன்னேன். அந்தத் தம்பி நான் வஞ்சதப் பூராவும் கேட்டுக்கிட்டாப்ல. அப்புறம், "இல்லீங்கம்மா"ன்னாப்ல.

மறுநா வேலைக்குப் போறேன், அடுப்பப் பத்த வைக்கிறேன். நிமிந்து பாத்தா செவுத்துல பலக. சத்துணவுக்கு இன்ன கெழமைக்கு இன்ன சாப்பாடுன்னு எழுதிப் போட்டிருப்பாகல்ல, அந்தப் பலக. அத எழுதுனதே அவந்தேன். காலேசு லீவுல வந்தப்போ, பெயின்டரு ஐநூறு ரூவா கேக்கான்னு எமல்டா டீச்சரு அலுத்துக்கிட்டாக, இவன் பிரஸ்ஸ வாங்கிக் குண்டு குண்டா எழுதிப்புட்டான். திங்கக்கெழம காய்கறிப் பிரியாணி, மெளகு முட்ட. செவ்வாய்க்கெழம கொண்டக்கடல புலாவு, முட்ட மசாலா. புதங்கெழம தக்காளிச் சாதம். வியாழன் சாம்பாரு. வெள்ளி கருவேப்பிலச் சாதம், உருளக்கெழங்கு வறுவலு.

புரியுதா தாயி? ஒன்பது நாளும் எம்மகன் எங்கிட்டச் சொன்னது அந்தப் பலகையத்தேன். மனப்பாடமா. செவ்வாய்க்கெழம கேட்டா புலாவு. வெள்ளிக்கெழம கேட்டா கருவேப்பிலச் சாதம். சனி ஞாயிறு மட்டும் "ஓட்டல்ல சாப்ட்டேம்மா". ஏன்னா சனி ஞாயிறு பலகையில இல்லையே! அன்னன்னைக்கு நான் என் கையால கிண்டி எறக்குனத அன்னன்னைக்கு எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கான், நானும் சந்தோசமாக் கேட்டுக்கிட்டு, பாரேன், கோயமுத்தூர்லயும் நம்ம மாதிரியே சமைக்காகன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இப்படி ஒரு கூறுகெட்டவ ஒலகத்துல உண்டா?

அந்த ஒன்பது நாளுதேன் பொய்யா, அதுக்கு முந்தியும் பொய்யான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது.

அன்னைக்கே பஸ் ஏறிப் போனேன். போயிப் பாத்தா, யாத்தே, தாடியும் கீடியுமா, கன்னம் ஒட்டி, காலர் எலும்பு துருத்திக்கிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், நானும் திருமூர்த்தியும். டாக்டரம்மா அவனத் தனியா வச்சு அரமணி நேரம் பேசுனாக. அப்புறம் என்னக் கூப்புட்டாக. "இது மனச்சோர்வும்மா, இதுவும் ஒரு நோய்தான், மாத்திரை தரேன், வாராவாரம் வந்து பேசட்டும், சாப்பாட்டையும் சரி பண்ணணும்"னு சொல்லிட்டு, அப்பத்தேன் அந்தக் கீர, காயி, மீனெல்லாம் சொன்னாக. எனக்கு உசுரு வந்துருச்சு தாயி. மத்ததெல்லாம் எனக்கென்ன தெரியும்? சாப்பாடுன்னாத் தெரியும்ல.

நான் கேட்டேன், "ஏம்மா, நல்லாச் சாப்புடாததால இது வந்துச்சா, இல்ல இது வந்ததால சாப்புடாமக் கெடந்தானா?" அந்தம்மா சிரிச்சாக. "ரெண்டும் கையப் புடிச்சுக்கிட்டு வரும்மா. சாப்பாடு கெட்டா மனசு கெடலாம், மனசு கெட்டா சாப்பாடு எறங்காது. உங்க மகன் விஷயத்துல எது முன்னாடின்னு என்னால சொல்ல முடியாது. சாப்பாடு துணைதான்மா, அதுவே வைத்தியம் ஆகாது"ன்னாக. டாக்டருக அப்படித்தேன் சொல்லுவாக. எதையும் முழுசா ஒத்துக்க மாட்டாக. எனக்குத் தெரியாதா எது முன்னாடின்னு?

இருபது நாளு அங்கயே தங்கிட்டேன். எமல்டா டீச்சரு வேற ஆள வச்சுப் பாத்துக்கிட்டாக. ஒத்த ஸ்டவ்வுதேன் அந்த ரூமுல. அதுலயே காலையில கேப்பக் கூழு, பதினோரு மணிக்குக் கொய்யாப் பழம், மத்தியானம் கீர, கூட்டு, மீனு, சாயந்தரம் அவிச்ச கடல. வச்சதெல்லாம் சாப்ட்டான். ஒரு பருக்க மிச்சம் வைக்கல. நாலு கிலோ ஏறுனான்மா! அந்தத் தெரு மொனையில மெஷினு இருக்கு, காசு போட்டா எட சொல்றது, அதுல நானே நிப்பாட்டிப் பாத்தேன்.

ஒரு நா முருங்கக்கீரயப் பெசஞ்சு வாயில வச்சவன் அப்படியே நின்னுட்டான். கண்ணுல தண்ணி. "என்னடா, காரமா?"ன்னேன். "இல்லம்மா. நல்லாத்தான் செஞ்சிருப்ப. எனக்குத்தான் ருசியே தெரியலம்மா. எத வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்கும்மா. எத்தனையோ மாசமாச்சு"ன்னான். பாவமாப் போச்சு எனக்கு. உப்புக் கம்மியாப் போட்டுட்டேன் போலன்னு அதுமேல ஒரு சிட்டிக உப்பத் தூவிக் கையால பெரட்டி விட்டேன். "இப்பப் பாரு"ன்னேன். சாப்ட்டுட்டு, "இப்பச் சரியா இருக்கும்மா"ன்னான்.

என்ன தாயி அப்படிப் பாக்குற? உப்புக் கம்மின்னா கீர மண்ணாத்தேன இருக்கும்?

நான் ஊருக்கு வந்தபெறகும் அவன் நல்லாத்தேன் இருந்தான். வேலைக்குப் போனான். கருவேப்பிலப் பொடி, முருங்கக்கீரப் பொடி, கொள்ளுப் பொடின்னு கூரியர்ல அனுப்பிக்கிட்டே இருந்தேன். கூரியர்க்காரப் பையன் "ஏக்கா, கோயமுத்தூர்ல கடையே இல்லையா"ன்னு கேலி பண்ணுவான். தீவாளிக்கு வந்தான் எம்மகன். கன்னமெல்லாம் உருண்டு, அவுகப்பா சாடை அப்படியே. எங்க எச்செம்மு பாத்துட்டு, "குருவம்மா, ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும்னு சொல்றது சரியாத்தான் இருக்கு"ன்னாக. அன்னைக்கு எனக்கு நெஞ்சு கொள்ளாத பெரும.

அந்தப் பெருமையிலதேன் கேட்டேன். பையில மாத்திரைய அட்ட அட்டையா வச்சிருந்தான். "ஏண்டா, ஒடம்புதேன் தேறிருச்சே, இன்னும் எதுக்குடா இந்தக் கருமம்? சூடுடா, கொடலப் புண்ணாக்கிப்புடும். கீரயத் தின்னா ஆகாதா?"ன்னேன். பைய இழுத்து மூடுனான். "சரிம்மா"ன்னான்.

நான் நிறுத்தச் சொல்லல தாயி. எதுக்குன்னுதேன் கேட்டேன். கேக்குறது தப்பா? பெத்தவ கேக்கக் கூடாதா?

...நிறுத்திட்டான். திருமூர்த்தி போன வாரம் சொல்லித்தேன் தெரியும். அந்தத் தம்பிக்கு மெட்ராசுக்கு மாத்தலாயிப் போயிட்டாப்ல, தை மாசத்துலயே. போகும்போது பாத்தாப்லயாம், மாத்திர பூராவும் ஒடைக்காம கெடந்துச்சாம். "கேட்டதுக்கு, அம்மா வேண்டாம்னாங்கன்னு சொன்னானுங்கம்மா"ன்னாப்ல. அம்மா வேண்டாம்னாங்களாம். நாங் கெடக்கேன் கைநாட்டு, நான் என்ன டாக்டரா, நாஞ் சொன்னேன்னு நிறுத்துவானா ஒருத்தன்? எதுத்து ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல? "ஒனக்கென்னம்மா தெரியும், வாய மூடு"ன்னு ஒரு வார்த்த? மத்த வீட்டுப் பிள்ளைக அம்மாவ என்ன பேச்சுப் பேசுதுக. என் வீட்டுல பொறந்தது இப்படி.

எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதேன் தாயி. பசிச்சாச் சோறு போடத் தெரியும். பசிக்கவே இல்லைங்கிறவனுக்கு நான் என்னத்தப் போட?

தாராபுரம் தாண்டிருச்சா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்.

ஒன்னு கேக்கணும் ஒங்கிட்ட. நீ படிச்ச பிள்ள. நான் ஊருக்குக் கெளம்புற கடைசி நாளு அந்த டாக்டரம்மா எங்கிட்ட, "மகன்கிட்ட போன்ல என்னம்மா பேசுவீங்க?"ன்னு கேட்டாக. "சாப்டியான்னு கேப்பேன்"னேன். "அப்புறம்?" "என்ன சாப்டன்னு கேப்பேன்." "அப்புறம்?" "தொட்டுக்க என்னன்னு கேப்பேன்." "அப்புறம்?" "அப்புறம் வச்சிருவேன்"னேன். அதுக்கு அந்தம்மா, "சாப்பாட்ட விட்டுட்டு வேற ஒரு கேள்வி கேளுங்கம்மா. அவர் மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க"ன்னாக. நானும் சரின்னுட்டேன். ஆனா அதை எப்படித் தாயி கேக்குறது? "எப்படி இருக்க?"ன்னு கேட்டா அது கல்யாண வீட்டுல ஒறமொறையக் கேக்குறது. பெத்த பிள்ளையப் போயி யாராவது எப்படி இருக்கன்னு கேப்பாகளா? "மனசு எப்படிப்பா இருக்கு"ன்னு ஒரு தடவ தனியா இருக்கும்போது சொல்லிப் பாத்தேன், எனக்கே வள்ளித் திருமணம் நாடகத்துல வசனம் பேசுற மாதிரி இருந்துச்சு. எங்கம்மா என்னையக் கேட்டதில்ல. புருசன் செத்தப்போகூட ஊரே வந்து "ஒரு வாய் சாப்புடு குருவம்மா"ன்னுச்சே ஒழிய, மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேக்கல. கேட்டிருந்தாலும் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது.

நீ எப்படிக் கேப்ப? சொல்லு. "என்னப்பா, ரொம்பக் கஷ்டமா இருக்கா?" ம்... அது நல்லா இருக்கு. நாடகம் மாதிரி இல்ல. "என்னப்பா, ரொம்பக் கஷ்டமா இருக்கா." "என்னப்பா சோல, ரொம்பக் கஷ்டமா..." சிரிக்காத, பாடம் பண்ணிக்கிறேன். வாசல்ல போயி நின்னு கதவத் தட்டி, தெறந்ததும் மொதல்ல இதத்தேன் கேக்கணும். தூக்குவாளிய அப்புறந்தேன் காட்டணும். என்னப்பா, ரொம்பக்...

அய்யோ, போனு. எங்க இருக்கு... இந்தா, அவந்தேன். அவனேதேன் கூப்புடுறான் தாயி! அவசரத்துல எத அமுக்கணும்னே தெரியலையே. இதா?

அல்லோ. சோல? டேய், சோல... சாப்டியாடா?

...

என்னது?

...

ம்.

...

ம். சரி. சரிடா. வாரேன். பஸ்ஸுலதேன் இருக்கேன். அம்மா வந்துக்கிட்டுத்தேன் இருக்கேன். வச்சிராத... வச்சிராத... சரி.

வச்சுட்டான்.

பாத்தியா, வாயில என்ன வந்துச்சுன்னு. இம்புட்டு நேரம் பாடம் பண்ணி, கடைசியில சனியன் பிடிச்ச வாயி. டாக்டரம்மா கேட்டா என்னச் செருப்பால அடிக்கலாம்.

இல்ல தாயி, அழுகல. இரு. சொல்றேன். சாப்டியான்னேன்ல? இன்னைக்கு என்ன கெழம? புதங்கெழம. தக்காளிச் சாதம்னுதேன் சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல. "இல்லம்மா"ன்னான். "சாப்புடல. மூணு நாளா ஒன்னுமே சாப்புடல. முடியலம்மா"ன்னான்.

இத்தன வருசத்துல சாப்டியான்னு கேட்டதுக்கு எம்மகன் எங்கிட்ட "இல்ல"ன்னு சொன்னது இதுதேன் மொதத் தடவ. மூணு நாளாப் பிள்ள பட்டினின்னு கேட்டா பெத்தவளுக்கு வயிறு பத்தி எரியணும்ல? எரியத்தேன் செய்யுது. ஆனா அவன் பொய் சொல்லலையேம்மா. எங்கிட்ட அவன் பொய் சொல்லலையே.

கண்டக்டர் தம்பி, பல்லடத்துல டீக்கு நிப்பாட்டுவாகளா? நிப்பாட்ட வேணாம்னு டிரைவருகிட்டக் கொஞ்சம் சொல்லுங்கய்யா.